பின்தேர்வில் எல்லோரும் தேறிவிடுகிறார்கள்

எங்கள் கூடலுக்கு வருவோரில் பாதிப் பேர் ஆசிரியர்கள். தமிழ்ச் சிற்றிதழ் எதன் சந்தாப் பட்டியலையாவது பார்த்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அவர்களுள் ஒருவர், தொடக்கப்பள்ளி ஆசிரியர், அண்மையில் ஒரு துணிப்பை நிறைய ஸ்பைரல் பைண்டிங் செய்த ஏடுகளைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தார். 11 செயலாய்வு அறிக்கைகள். கதையையும் கவிதையையும் கிழித்துத் தோரணம் கட்டுகிறீர்களே, இவற்றையும் ஒருமுறை அந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள் என்றார். வாசித்தோம்.

பதினொன்றும் ஒரே கதை. ஐந்தாம் வகுப்பு மாணவர் முப்பது பேருக்கு வாசிப்பில், அல்லது கழித்தலில், அல்லது மயங்கொலி எழுத்துகளில் குறைபாடு. முன்தேர்வு வைக்கிறார்கள்; மதிப்பெண் மோசம். மின்னட்டைகளும் விளையாட்டுகளும் கொண்டு சில வாரப் பயிற்சி. பின்தேர்வு வைக்கிறார்கள், மதிப்பெண் உயர்ந்துவிடுகிறது. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது, நன்றி, வணக்கம். ஓர் அறிக்கையில்கூட ஒரு குழந்தைகூடத் தோற்கவில்லை. ஓர் அறிக்கையின் நடுப்பக்கத்தில் வேறொரு பள்ளியின் பெயர் திருத்தப்படாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. எல்லாக் கதையும் சுபமாக முடியும் ஒரு சிறுகதைத் தொகுப்பு எங்கள் கைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்போம் என்பதை இவ்விடத்து வாசகர்கள் அறிவார்கள்.

"இதில் ஒன்று நான் எழுதியது. எதுவென்று கண்டுபிடியுங்கள்" என்றார் நண்பர். எங்களால் முடியவில்லை. நல்ல உரைநடை எழுதுபவர் அவர். அவருடைய வாக்கியத்தை இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வோம் என்று இறுமாந்திருந்தவர்கள் நாங்கள்.

பிறகு அவர் அறிக்கையில் எழுதாததைச் சொன்னார். அவர் வகுப்பில் மூன்று குழந்தைகள் பாடநூலைச் சரளமாக வாசிப்பார்கள். அதே சொற்களை வேறு தாளில் எழுதிக் கொடுத்தால் விழிப்பார்கள். மாதக்கணக்கில் அவருக்கு இது பிடிபடவில்லை. ஒருநாள் தேநீர் இடைவேளையில், இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை போகிறபோக்கில் சொன்னாராம்: "சார், அவங்க விரல் எங்க இருக்கு, வாய் எங்க இருக்குன்னு பாருங்க." பார்த்தார். விரல் ஒரு சொல்லில் நிற்க, வாய் அடுத்த வரிக்குப் போயிருந்தது. அவர்கள் வாசிக்கவில்லை, கேட்டுக் கேட்டு மனப்பாடமானதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முழுவதையும் சேர்ந்து உரக்க வாசிக்கவைக்கும் தம்முடைய பழக்கம்தான் அந்த மூவரையும் இத்தனை நாள் மறைத்துவைத்திருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "இதை எழுத அந்தப் படிவத்தில் பத்தி இல்லை" என்றார்.

எங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத் தேநீர்ப் பேச்சுதான் செயலாய்வு. ஸ்பைரல் பைண்டிங் செய்த ஏடு செயலாய்வு அல்ல. முன்னதற்கு நம் கல்வித் துறையில் பெயரில்லை, நேரமில்லை, இடமில்லை; பின்னதற்குச் சான்றிதழ் உண்டு.

*

சொல்லின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறிய உளவியலாளர் குர்ட் லெவின், 1946இல் அமெரிக்காவில் எழுதிய கட்டுரையொன்றில் இக்கருத்தை முன்வைத்தார். சிறுபான்மையினர் மீதான பாகுபாட்டை ஆராய்ந்து நூல்களாக அடுக்குவதால் மட்டும் ஒன்றும் மாறாது. திட்டமிடுதல், செய்தல், விளைந்ததை நோக்குதல், மீண்டும் திட்டமிடுதல் என்று சுழலும் ஆய்வே வேண்டும் என்பது அவர் வாதம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய ஸ்டீபன் கோரி 1953இல் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார். பாடத்திட்டம் என்பது நிறைவேற்றப்பட வேண்டிய ஆணை அன்று, வகுப்பறையில் சோதித்துப் பார்க்கப்பட வேண்டிய ஓர் உத்தேசம். சோதிக்க வேண்டியவர் ஆசிரியர் என்பது அவர் நிலைப்பாடு.

மூவரிடத்தும் பொதுவான ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வு செய்பவரின் செயலே ஆய்வுப் பொருள். நம்மூர் அறிக்கைகளிலோ குறைபாடு எப்போதும் குழந்தையிடம் இருக்கிறது. களைய வேண்டியது, நீக்க வேண்டியது, மேம்படுத்த வேண்டியது எல்லாம் அதனிடம்தான். ஆசிரியர் மருந்துப் பெட்டியோடு வெளியே நிற்கிறார். தம் கற்பித்தலைத் தாமே ஐயுறுவதற்காகப் பிறந்த ஒரு முறை, நம் கையில் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முறையாகத் திரிந்துவிட்டது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாய்வு ஒரு கடமையாக விதிக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் கேள்வியைக் கடமையாக்கினால் படிவம் பிறக்கும். படிவம் பிறந்தால் விடையும் முன்கூட்டியே பிறந்துவிடும்.

*

இந்நாட்டில் இது நடக்கவே நடக்காது என்று சொல்பவர்களுக்கு ஒரு மாவட்டத்தின் பெயரைச் சொல்கிறோம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத். 2022இல் நர்மதாபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அதே மாவட்டம். கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகள் 1972இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் தில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு தரையில் அமர்ந்தார்கள். 1978இல் திட்டம் அம்மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. 1982இல் உருவான ஏகலவ்யா என்ற அமைப்பு அதைப் பின்னர் ஏற்று நடத்தியது.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பிரிந்து சோதனை செய்தார்கள், கண்டதை எழுதினார்கள், தேர்வில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே விடையளித்தார்கள். கல்வி குறித்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார்கள். எங்களுக்கு முக்கியமாகப்படுவது வேறு. அங்கே ஆசிரியர்கள் மாதந்தோறும் ஓரிடத்தில் கூடினார்கள். எந்தச் சோதனை வகுப்பில் சொதப்பியது, எந்தக் கேள்விக்குத் தமக்கே விடை தெரியவில்லை, பாடநூலின் எந்தப் பகுதி பிள்ளைகளைக் குழப்பியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காற்றில் போகவில்லை. 'பால் வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய பாடநூல் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டது அந்த அனுபவத்தைக் கொண்டுதான். கிராமப் பள்ளி ஆசிரியரின் தோல்வி, மாவட்டத்தின் பாடநூலைத் திருத்தும் அதிகாரம் பெற்றிருந்தது. இதுதான் ஆசிரியர் கூட்டுச் செயல்பாடு.

முப்பது ஆண்டு நடந்த இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. அப்போது அது ஹோஷங்காபாதைத் தாண்டிப் பல மாவட்டங்களில் நடந்துகொண்டிருந்தது. மறுபடியும் மற்ற இடங்களில் உள்ள அதே பாடநூல், அதே கற்பித்தல். பள்ளிகளை மூடவில்லை, ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை மட்டும் நிறுத்தினார்கள். ஒரு சிற்றிதழ் நின்றால் இரங்கற்பா பாடும் நாம், முப்பது ஆண்டு நடந்த ஓர் உரையாடல் நின்றபோது எத்தனை வரி எழுதினோம்?

*

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவந்த ஆசிரியர்களே உட்கார்ந்து அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கினார்கள். அந்த உற்சாகம் மெய்யானது. 2007-08இல் அது மாநிலமெங்கும் பரவியது. பரவியபோது என்ன நேர்ந்தது என்பதே கேள்வி. சென்னை ஆசிரியர்கள் யோசித்து அடைந்த அட்டை, மற்ற ஊர் ஆசிரியர்களுக்கு அச்சிட்டு வந்த அட்டையாயிற்று. யோசித்தலை யாரும் அனுப்பிவைக்கவில்லை; அட்டையை அனுப்பிவைத்தார்கள். ஆகவே 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தபோது, பழையதில் எது பயன்பட்டது, எது படவில்லை என்று வகுப்பறையிலிருந்து எழுந்து வாதாட ஆசிரியர்களிடம் திரட்டப்பட்ட குரல் ஒன்று இருக்கவில்லை.

குறுவள மையக் கூட்டங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. மேலிருந்து வந்த கட்டகத்தைத் திரையில் காட்டுகிறார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்கிறார்கள் எங்கள் நண்பர்கள். மேசை நாற்காலிகளும் தேநீரும் உள்ள அந்த இடத்தில், விரலும் வாயும் வெவ்வேறு இடத்தில் இருந்த அந்த மூன்று குழந்தைகளைப் பற்றிப் பேச ஒருவருக்கும் முறை வருவதில்லை.

*

மறுப்புகள் வரும். மூன்றை இப்போதே எதிர்கொள்கிறோம்.

ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்பது முதலாவது. இதை எழுதி எழுதித் தேய்த்ததில் நம் எழுத்தாளர்களுக்கும் பங்குண்டு. பிரம்போடு தூங்கும் வாத்தியார் நம் நகைச்சுவையின் நிரந்தரப் பாத்திரம். சோம்பேறிகள் உண்டு, எல்லாத் தொழிலிலும் போல. ஆனால் ஒரு தொழிலில் யோசிப்பவனுக்கும் யோசிக்காதவனுக்கும் ஒரே படிவம், ஒரே கையெழுத்து, ஒரே சான்றிதழ் என்றால், சோம்பலை வளர்ப்பது மனிதனா, ஏற்பாடா?

ஒரு வகுப்பை வைத்துச் செய்வது ஆய்வாகுமா, மாதிரி சிறிது, ஒப்பீட்டுக் குழு இல்லை என்பது இரண்டாவது. ஆம், அது உலகத்துக்கெல்லாம் பொருந்தும் விதியைத் தராது. தரவும் வேண்டியதில்லை. அந்த வகுப்பின் முப்பது குழந்தைகளுக்கு அடுத்த வாரம் என்ன செய்வது என்பதைத் தந்தால் போதும். பெரும் ஆய்வுகள் சராசரியைச் சொல்லும். சராசரிக் குழந்தை எந்தப் பெஞ்சிலும் உட்காருவதில்லை.

நேரமில்லை என்பது மூன்றாவது. இதை முழுமையாக ஏற்கிறோம். ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 'ஜுக்யோ கென்க்யூ' என்ற பாட ஆய்வு நடக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த மற்றவர்கள் வகுப்பில் நின்று, ஆசிரியரை அல்ல, பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு கூடிப் பேசுவார்கள். அங்கே அது பள்ளியின் வேலை. இங்கே எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது பள்ளியின் வேலை. யோசிப்பது ஆசிரியரின் சொந்தப் பொழுதுபோக்கு. நேரம் இல்லாமல் இல்லை. வேறொன்றுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

*

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அல்ல. செயலாய்வின் தலைப்பை மேலிருந்து கொடுக்காதீர்கள். மாதத்தில் ஒரு பிற்பகலை, பணி நேரத்துக்குள்ளேயே, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு விட்டுவிடுங்கள். அன்று திரையும் கட்டகமும் வேண்டாம். எழுதப்படும் அறிக்கையைக் கோப்பில் சேர்ப்பதற்கு முன் பத்து ஆசிரியர்களாவது வாசிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முயன்றேன், பலிக்கவில்லை என்று எழுதும் உரிமையைக் கொடுங்கள். பலிக்காததை எழுத முடியாத இடத்தில் பலித்ததாக எழுதியதை எவர் நம்புவார்?

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஒரு படைப்பை நால்வர் முன் வாசித்து, அடி வாங்கி, திருத்தி, மறுபடி வாசிப்பது எப்படியென்று நமக்குத் தெரியும். தமிழ்ச் சிற்றிதழ் இயக்கம் நமக்குக் கற்றுக்கொடுத்தது வேறென்ன? நம்மோடு உட்கார்ந்து கதையை அப்படி வாசிக்கும் ஆசிரியர், மறுநாள் காலை வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒருவரும் படித்துக் கருத்துச் சொல்லாத பிரதியை நடத்திக்கொண்டிருக்கிறார். அந்தப் பிரதியையும் கூடலுக்குக் கொண்டுவரச் சொல்வோம்.

எங்கள் நண்பரிடம் கேட்டிருக்கிறோம். அந்த மூன்று குழந்தைகளைப் பற்றி, படிவமில்லாமல், அவருடைய சொந்த வாக்கியத்தில். மூவரில் ஒரு சிறுமி இன்னும் வாசிக்கவில்லை என்கிறார். அதிலிருந்தே தொடங்கி எழுதச் சொல்லியிருக்கிறோம்.