விண்வெளியிலும் குடியேற்றமா?

ஒலுவிலில் என் மருமகன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். புதிய விண்வெளி வியூக விளையாட்டொன்று வெளிவரப் போகிறதாம். "எத்தனை கிரகத்தையும் பிடிக்கலாம் மாமா" என்கிறான்.

இந்த ஆவலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1993 இல் 'மாஸ்டர் ஒஃப் ஓரியன்' பற்றி 'கம்பியூட்டர் கேமிங் வேர்ல்ட்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் அலன் எம்ரிச் ஒரு முன்னோட்டம் எழுதினார். அதில் அவர் அடுக்கிய நான்கு சொற்களே இவ்வகை விளையாட்டுகளின் இலக்கணமாயின: தேடு, பரவு, சுரண்டு, அழித்தொழி. முப்பது ஆண்டுகள் கடந்தும் இரசிகர்கள் கேட்பது கூடுதல் கப்பல்களையும் பெரிய ஆயுதங்களையுமே. இலக்கணத்தைக் கேள்வி கேட்போர் அரிது.

அம்பாறை மாவட்டத்தாராகிய நாமாவது கேட்க வேண்டாமா? 'குடியேற்றம்' என்பது நமக்குத் திரையில் அழுத்தும் பொத்தான் அன்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் குடியேற்றங்களைக் கொண்டுவந்தது. 1956 இல் அப்பள்ளத்தாக்கில் தமிழர் கொல்லப்பட்டனர். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து இம்மாவட்டம் உருவாக்கப்பட்டது. காணியும் எல்லையும் இங்கு இன்றும் தீராத வழக்குகள்.

"வெறும் விளையாட்டுத்தானே" என்பர். விளையாட்டை நான் வெறுக்கவில்லை. 2016 இல் வந்த 'ஸ்டெல்லாரிஸ்' கிரகங்களிடையே கூட்டமைப்புக்கும் இடம் தந்தது; ஓர் இனத்தையே துடைத்தழிக்கவும் அதே விளையாட்டு வழி வைத்தது. ஆகவே வேறு வழி இயலாததன்று, கேட்பார்தாம் இல்லை.

காத்திருக்கும் இளைஞர்களே, விளையாட்டு வெளிவருமுன்பே கேளுங்கள்: பிடிக்கப்படும் கிரகத்தின் பூர்வ குடியாக நின்று ஆடவும் எமக்கு வழி உண்டா?