நான்காமவர் எங்கே?

சென்ற மாதம், அரசு மருத்துவமனையொன்றில் சேர்க்கப்பட்டிருந்த என் மாணவியின் தம்பியைப் பார்க்கச் சென்றேன். சிகிச்சை இலவசம், மருத்துவர்களும் குறை வைக்கவில்லை. ஆனால் கையில் நான்கைந்து சீட்டுகளோடு, எதை எந்த அறையில் கொடுப்பதென்று தெரியாமல் தாயார் நின்றிருந்தார். விசாரிக்கப் போனால் குழந்தை தனித்துக் கிடக்கும். தகப்பனார் வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அட்டை இல்லாதவர் அதைப் பெற வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கு ஊர் திரும்ப வேண்டும். குழந்தையை யாரிடம் விட்டுப் போவது?

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து துணைசெய்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். மருத்துவரையும் மருந்தையும் அரசு தந்துவிட்டது. நான்காமவரின் வேலை முழுவதும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் தலையில் விழுகிறது.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைச் செடி நட அனுப்புகிறோம். முறைவைத்து மருத்துவமனைக்கும் அனுப்பினால் என்ன? சீட்டைப் படித்துச் சொல்லவும், வரிசையில் நிற்கவும், படிவம் நிரப்பவும் மருத்துவ அறிவு வேண்டியதில்லை.

அன்று நான் செய்ததும் அவ்வளவே. எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியும் அவர் மகனின் அருகில் இருந்தார்.