ஃபேனை அணைத்துவிட்டு உட்காருங்கள்



கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் பழைய பொம்மைகளுக்கு வண்ணம் தொட்டுச் சரிசெய்யும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே பெட்டியைப் பிரித்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் அம்மா காலத்துச் செட்டியார் பொம்மையின் முகத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். நாலு அங்குலப் பொம்மை. புருவக் கோடு பாதியிலேயே நின்றுவிட்டது. மறுபடி தொட்டால் திட்டுத் திட்டாக ஒட்டியது. மூன்றாம் முறை தொட்டபோது, முதலில் வைத்த பெயிண்டே உரிந்து பிரஷ்ஷோடு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தங்கை, "அக்கா, உனக்குக் கை நடுங்குது. இனிமே யார்கிட்டயாவது குடுத்துடு" என்றாள். நானும் அப்படித்தான் நம்பி, பொம்மையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மனசு கேட்காமல் மறுபடி எடுத்தபோதுதான் கவனித்தேன். என் தலைக்கு நேர் மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள் நான். ஆவியாதலை வேகப்படுத்துபவை எவை? வெப்பம், காற்றோட்டம், திரவத்தின் பரப்பு, காற்றின் வறட்சி. எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிற்கவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன்! அந்தப் பாடத்தை என் மேசையில் நானே மறந்திருக்கிறேன்.

அக்ரிலிக் பெயிண்ட் என்பது தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்களும் நிறமியும் சேர்ந்தது. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஏடாகிவிடும். அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கரையாது. பள்ளியில் பயன்படுத்தும் வாட்டர் கலர் அப்படியல்ல. அதில் இருப்பது பிசின்; காய்ந்தாலும் தண்ணீர் தொட்டால் இளகிவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியர்கள் கைக்கு வந்ததே 1950களில்தான். நம் கை பழகியது வாட்டர் கலரில். அந்தப் பழக்கத்தோடு அக்ரிலிக்கைத் தொடுவதுதான் முதல் தவறு.

பெரிய படம் வரைபவர்களுக்கு இது அவ்வளவு தொந்தரவில்லை. சின்னப் பொம்மைக்காரர்களுக்குத்தான் சங்கடம். நாம் எடுப்பது ஒரு சொட்டு. சொட்டு சிறிதாக ஆக, அளவைவிடப் பரப்பு அதிகம். சீக்கிரம் ஏடு கட்டும். பொம்மை செய்பவர்கள் ஒரே நிறத்தை வரிசையாகப் பல பொம்மைகளுக்குத் தீட்டிக்கொண்டே போவார்கள். அவர்கள் பெயிண்ட்டுக்குக் காய நேரம் கிடைக்காது. நமக்கோ ஒரே பொம்மைக்கு ஆறு நிறம், நடுவில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும், குக்கர் விசிலை எண்ண வேண்டும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் "தண்ணீர் ஊற்று" என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயிண்ட் கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு விடலாம், தவறில்லை. காயக்கூடாது என்பதற்காகத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால், ஒட்டவைக்கும் பொருள் நீர்த்துப்போகும், நிறம் வெளிறும், முகத்தில் வைத்தது கழுத்து மடிப்பில் போய்த் தேங்கும். ஏடு கட்டிய பிறகு ஊற்றினாலோ, உள்ளே தூள் தூளாக மிதக்கும். அந்தத் தூள்தான் புருவத்தில் போய் ஒட்டுகிறது.

அடுத்த வைத்தியம், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவம். கன்னத்தில் சிவப்பை மெல்லக் கரைத்துவிட ஓரிரு சொட்டு உதவும். அளவு மிஞ்சினால் பொம்மை நாள் கணக்கில் பிசுபிசுவென்று இருக்கும். மேலே அடுத்த பூச்சு வைத்தால் கீழே உள்ளது இளகி வரும். வீட்டில் பெயிண்ட் தொடுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டிய பொருள் இது இல்லை என்பது என் கருத்து.

முதலில் வேண்டியது ஓர் ஈரத் தட்டு. வெட் பேலட் என்று விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. மூடியுள்ள தட்டையான ஸ்வீட் டப்பா ஒன்றை எடுத்தேன். அடியில் சமையலறை ஸ்பாஞ்ச் துணியை நனைத்துப் பரப்பினேன். துணி நிறைய ஈரம் குடித்திருக்க வேண்டும். மேலே தண்ணீர் தேங்கக் கூடாது. அதன் மேல் கேக் சுடும்போது போடும் பேப்பரை இருபுறமும் நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டவைத்தேன். பெயிண்ட் சொட்டு இந்தப் பேப்பர் மேல். கீழே இருந்து ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஆவியாகிப் போகும் தண்ணீரை ஈடுகட்டும். மணிக்கணக்கில் வேலை செய்யலாம். மூடி வைத்தால் பெரும்பாலும் மறுநாளும் உதவும். மெழுகு பூசிய பேப்பர் வேண்டாம், ஈரத்தை விடாது. ஸ்பாஞ்சைச் சில நாளுக்கு ஒருமுறை அலசுங்கள், இல்லையென்றால் நாற்றம் எடுக்கும். தங்க நிறத்தை மட்டும் தனியாகச் சாதாரணத் தட்டில் வையுங்கள்; ஈரத் தட்டில் அந்த மினுக்குத் துகள் பிரிந்து மற்ற நிறங்களிலும் பரவிவிடும்.

பிரஷ் பற்றி ஒன்று. சின்னப் பொம்மை என்றால் மிகச் சின்ன பிரஷ் வேண்டும் என்று நினைத்து மூன்று சைபர் வாங்கினேன். அது பிடிக்கும் பெயிண்ட் கொஞ்சூண்டு. முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனியில் காய்ந்துவிடுகிறது. நுனி நன்றாகக் கூர்ந்து நிற்கும் 1ஆம் எண் பிரஷ்ஷில்தான் புருவம் ஒரே இழுப்பில் வந்தது. முதலில் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் துணியில் ஒற்றிவிட்டு, மயிரின் பாதி வரை மட்டும் பெயிண்ட் எடுங்கள். பாட்டில் மூடியை உடனே மூடுங்கள். பாட்டிலுக்குள் ஏடு படிந்திருந்தால் எடுத்துப் போடுங்கள், கலக்காதீர்கள்.

இதெல்லாம் செய்த பிறகும் என் கை நடுங்கத்தான் செய்கிறது. இரண்டு மணிக்கட்டையும் மேசையில் ஊன்றிக்கொள்கிறேன். ஆனால் முன்பு கோடு கெட்டதற்குக் காரணம் நடுக்கம் அல்ல. செட்டியார் இப்போது இரண்டு புருவத்தோடு கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. பல வருடம் முன்பு பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு பையன் களிமண்ணில் சின்னச் சின்ன மாடுகள் செய்து அக்ரிலிக் தீட்டிக் கொண்டுவந்தான். பெயிண்ட் திட்டுத் திட்டாக இருந்தது. "உனக்குப் பொறுமையே கிடையாதுடா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அடுத்த வருடம் அவன் எதையும் கொண்டுவரவில்லை. அவன் வீட்டில் ஃபேன் ஓடியதா, வெயிலில் உட்கார்ந்து தீட்டினானா, எதில் பெயிண்ட் வைத்திருந்தான் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியவள் ஓவிய ஆசிரியர்கூட இல்லை. ஆவியாதல் நடத்திய நான்தான்.

வீட்டில் பேரன் பேத்தி பெயிண்ட் தொட்டு உட்கார்ந்தால், கோடு சரியில்லை என்று சொல்வதற்கு முன் தட்டை ஒரு தரம் பாருங்கள். அறுபதைத் தாண்டிய என் வயதுக்காரர்களும், இனி நம்மால் ஆகாது என்று பொம்மையைச் சுற்றி வைக்குமுன் ஒரு தரம் மேலே பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா என்று.

ஈரத் தட்டை வேறு விதமாகச் செய்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கற்றுக்கொள்கிறேன்.