பழமலையார் சொல்லாமல் சொன்ன விடை

விருத்தாசலத்துக்கு முதன்முறையாக வரும் வெளியூர் அன்பர்கள் கோபுர வாயிலில் நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மலை எங்கே?” ஊரின் பெயரிலே மலை இருக்கிறது. தேவாரம் அதனைத் திருமுதுகுன்றம் என்று போற்றுகிறது. இறைவனின் திருநாமமோ பழமலைநாதர். ஆயினும் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை சமநிலமே தென்படுகிறது. மணிமுத்தாறும் வயல்களும்தான் காட்சி.

தலபுராணம் இதற்கு விடை கூறுகிறது. பிரமன் மலைகளைப் படைக்க முற்படுவதற்கு முன்பே சிவபெருமான் தாமே ஒரு மலையாகி இங்கு நின்றார். எல்லா மலைகளுக்கும் முந்தியது ஆதலால் அது பழமலை. அம்மலை இன்றும் நிலத்தினுள் அடங்கியிருக்கிறது என்பது அடியார் நம்பிக்கை. எனவே இம்மலைக்கு ஏறிச் செல்லப் படிகள் இல்லை. ஆழத்துப் பிள்ளையாரைத் தரிசிக்கவோ படிகளில் இறங்கித்தான் செல்ல வேண்டும்.

மலையின் பெயர் தாங்கிய தலத்தில் இறங்கி வணங்குவதன் பொருள் யாது? அத்தலத்தின் அருகிலேயே வாழ்நாளெல்லாம் கழித்த ஒரு பெரியவருக்கு அது விளங்கியது இந்துமாக்கடல் நடுவில், ஓர் எரிமலையின் விளிம்பில்.

பெரியவர் மங்களூரைச் சேர்ந்தவர். கர்நாடகக் கடற்கரை மங்களூர் அன்று. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிப் பூமியில் உள்ள மங்களூர். விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் செய்யும் பீங்கான் பட்டறைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சூளை பார்த்தவர். நெருப்பின் நிறத்தைக் கண்டே வெப்பத்தைச் சொல்லக்கூடிய கண் அவருக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மனைவியாருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவமனை நடைபாதையில் அமர்ந்தபடி, அவள் பிழைத்து எழுந்தால் பன்னிரண்டு பௌர்ணமி அண்ணாமலையாரை வலம் வருவதாக வேண்டிக்கொண்டார். அம்மையார் பிழைத்தார். பெரியவரும் ஏழு பௌர்ணமி கிரிவலம் முடித்தார். எட்டாவது முறை பாதி வழியில் வலது முழங்கால் மடங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றித்தான் அழைத்து வந்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு பௌர்ணமி இரவும் அவருக்கு உறக்கம் இல்லை. திண்ணையில் அமர்ந்து நிலவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“முடியாமல்தானே நின்றீர்கள்? சாமிக்குத் தெரியாதாங்க?” என்பார் அம்மையார்.

“தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்னவன் நான் அல்லவா?” என்பார் அவர்.

இந்நிலையில்தான் மகளின் அழைப்பு வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த மருமகன் பிரெஞ்சுக் குடியுரிமை உடையவர். ரெயூனியன் தீவில், சேன் பியேர் என்னும் கடற்கரை நகரில் குடும்பத்துடன் வாழ்கிறார். இரண்டு மாதம் தங்கி வரலாம் என்று தம்பதியர் புறப்பட்டனர்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குத் தென்மேற்கே உள்ளது அத்தீவு. கடலடியிலிருந்து எரிமலை கக்கிய குழம்பே இறுகி இறுகி நிலமானது. இரண்டு பெரும் எரிமலைகள் அங்கு உள்ளன. 3,070 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தே நேழ் நெடுங்காலமாக உறங்குகிறது. 2,632 மீட்டர் உயரமுள்ள மற்றொன்றோ உலகில் அடிக்கடி கனலும் எரிமலைகளுள் ஒன்று. அதன் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். தமிழில் சொன்னால் ‘உலைச் சிகரம்’. பேரன் பொருள் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். “அப்படியானால் நான் முப்பது வருடம் வேலை பார்த்த இடம்தான்” என்றார்.

பேரனுக்கு வயது பத்தொன்பது. கல்லூரி விடுமுறை. நண்பர்கள் இருவருடன் கடற்கரையிலிருந்து சைக்கிளிலேயே எரிமலை விளிம்பு வரை ஏறப் போவதாக ஒருநாள் அறிவித்தான். ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏற்றம். முடிவிடமான பா தெ பெல்கோம்ப் கடல்மட்டத்திலிருந்து 2,311 மீட்டர். உதகமண்டலத்தைவிடச் சற்றே உயரம்.

பாட்டிக்கு நெஞ்சு படபடத்தது. “நெருப்பைத் தேடிக்கொண்டு யாராவது போவார்களா, ராசா?”

“மேலே போய்ச் சேர்ந்துவிட்டு வருகிறேன், பாட்டி. அவ்வளவுதான்” என்றான் அவன். அவனுடைய தமிழ் சற்றுத் தட்டுத்தடுமாறும், உறுதி தடுமாறவில்லை. பெரியவரும் பாட்டியும் மருமகனின் காரில் பின்தொடர்வது என்று முடிவாயிற்று.

அத்தீவில் முற்பகலுக்குள் மேகம் ஏறி மலையை மூடிவிடும் ஆதலால் இளைஞர்கள் விடியலுக்கு வெகுநேரம் முன்பே கிளம்பினர். கரும்புத் தோட்டங்களைக் கடந்து லெ தாம்போன் ஊர் வழியாகப் பாதை உயர்ந்தது. அங்கே பல குடியிருப்புகளுக்கு எண்களே பெயர். கடற்கரையிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டரோ அதுவே ஊரின் பெயர்: பத்தொன்பதாவது, இருபத்துமூன்றாவது என்று. இருபத்தேழாவதான பூர் முராவில் எரிமலைக்கான சாலை பிரிகிறது. அதற்குள் வாழையும் கரும்பும் மறைந்து, பசும்புல்வெளியும் மாடுகளும் குளிரும் வந்துவிட்டன. பாட்டி சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

வழியில் ஓரிடத்தில் கார் நின்றது. மூவரும் இளைப்பாறிக்கொண்டிருந்தனர். பாட்டி வாழைப்பழமும் வடையும் எடுத்துக் கொடுத்தார். நண்பர்களுள் ஒருவன் வடையை எடுக்கும் முன் பேரனிடம் பிரெஞ்சு மொழியில் ஏதோ கேட்டான். வெங்காயமும் பூண்டும் கலந்திருக்கிறதா என்பது கேள்வி. அவன் தீமிதி விரதத்தில் இருந்தான்; பதினெட்டு நாள் விரதத்தில் அன்று நான்காம் நாள்.

“யாருக்கு அப்பா தீமிதி?” என்றார் பெரியவர் வியப்புடன்.

“பாண்டியாலே” என்றான் அவன். அது பாஞ்சாலி என்று புரிய அவருக்குச் சிறிது நேரம் ஆயிற்று. மங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவர் அவர். அதே அம்மன், அதே பதினெட்டு நாள். ஆனால் அந்த இளைஞனுக்கு வழிபாட்டுச் சொற்கள் சிலவன்றித் தமிழ் தெரியாது.

1848 டிசம்பரில் ரெயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகத் தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கைக்குப் பின் அந்த எண்ணிக்கை பெருகியது. 1882இல் அனுப்புவது நிறுத்தப்பட்டது. தோட்டத்து ஆலைகளின் அருகே அவர்கள் எழுப்பிய சிறு கோயில்கள் பின்னர் கோபுரங்களுடன் வளர்ந்தன. சேன் ஆந்த்ரே நகரின் காவடி விழா இன்று தீவு முழுவதும் அறிந்தது. தலைமுறைகள் மாறியதில் பேச்சுமொழி நழுவியது. விரதமும் காவடியும் தீக்குழியும் நழுவவில்லை.

சுந்தரர் வரலாறு அப்போது பெரியவர் நினைவுக்கு வந்தது. திருமுதுகுன்றத்தில் இறைவன் அருளிய பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டார்; திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடலாமா என்று பரவையார் ஐயுற்றார். ஐயம் பொய்த்தது, பொன் கிடைத்தது. தம் மண்ணில் விதைத்த பக்தி கடல் கடந்து ஒரு சைக்கிள்காரப் பிள்ளையிடம் கிடைப்பதும் அப்படித்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

மேலும் உயர்ந்ததும் மரங்கள் குட்டையாகி, புதராகி, பின் அவையும் இல்லாமற் போயின. மேட்டு விளிம்பிலிருந்து கீழே விரிந்தது ‘மணற்சமவெளி’: சிவப்பும் கறுப்புமாக எரிமலைச் சரளை பரந்த வெளி. புல் பூண்டு மிக அரிது. சூளையைப் பிரித்த மறுநாள் தரை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது பெரியவருக்கு. பாதை அந்த வெளிக்குள் இறங்கி, அதைக் கடந்து, மீண்டும் ஏறுகிறது.

அந்தக் கடைசி ஏற்றத்தில்தான் பேரனுக்குக் கால் இழுத்துக்கொண்டது. சைக்கிளிலிருந்து இறங்கி, வலியில் குனிந்து நின்றான். மருமகன் காரை நிறுத்தினார். சைக்கிளைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம், ஏறி அமர் என்று பாட்டி கெஞ்சினார்.

பேரன் தலையசைத்தான். சற்று நேரம் காலைத் தேய்த்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி நடக்கத் தொடங்கினான். முன்னே சென்றிருந்த விரதக்கார நண்பன் திரும்பி வந்தான். அவனுக்குக் காலில் குறையில்லை. ஆனாலும் இறங்கித் தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு உடன் நடந்தான்.

“மிதிக்க முடியவில்லையே, தம்பி. பிறகு என்ன?” என்றார் பெரியவர் காருக்குள்ளிருந்து.

“மேலே வந்து சேர்வேன் என்றுதானே சொன்னேன், தாத்தா. மிதித்தே வருவேன் என்று சொல்லவில்லையே.”

பெரியவர் அதன்பின் பேசவில்லை.

பா தெ பெல்கோம்பில் சாலை முடிகிறது. அது சிகரம் அன்று. ஒரு பெருஞ்செங்குத்தின் விளிம்பு. எதிரே, கறுத்து உறைந்த குழம்பு வெளிக்கு அப்பால், உலைச் சிகரம் அமைதியாக நின்றது. அன்று அதில் கனல் இல்லை. 2007 ஏப்ரலில் பெருங்குமுறலின்போது அதன் உச்சிப் பள்ளம் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்வாங்கியது என்று மருமகன் சொன்னார். அடியில் சிறு சிவந்த குன்று ஒன்று கவிழ்த்த அகல் போலத் தெரிந்தது. அதன் அருகே செல்ல விரும்புவோர் செங்குத்தில் அமைந்த படிகளில் இறங்கித்தான் செல்ல வேண்டும். மலை கனலும் நாட்களில் அந்த வாயிலை அடைத்துவிடுவார்கள். திரையிட்ட சன்னிதி முன் நிற்பதுபோல அப்போது விளிம்போடு நின்றுவிட வேண்டியதுதான்.

இத்தனை ஏற்றமும் ஏறி வந்து, இறுதியில் இறங்க வேண்டும் என்கிறதே இந்த மலை! ஆழத்துப் பிள்ளையாரின் படிகள் பெரியவர் கண்முன் வந்தன.

அரை மணி கழித்துப் பேரனும் நண்பனும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தனர். தமிழ் அறியாத அந்த இளைஞன் செருப்பைக் கழற்றிவிட்டு, சிகரத்தை நோக்கிக் கைகுவித்து, “கோவிந்தா” என்றான். தீக்குழியின் முன் மங்களூர்ப் பக்கத்தில் எழும் அதே குரல். பெரியவரின் கண்கள் கலங்கின.

நடந்து வந்தமையால் பிள்ளையின் ஏற்றம் குறைந்துவிடவில்லை. அப்படியானால் தம் வேண்டுதல் மட்டும் எப்படிக் குறைந்துபோகும்? மலையை வலம் வருவதாகத்தானே வேண்டிக்கொண்டார். பதினான்கு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில், ஒரே இரவில், விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்கும் வேகத்தில் நடப்பதாக அவர் எப்போது சொன்னார்? எட்டாவது முறை கால் மடங்கியதும் அந்த ஓட்டத்தில்தான்.

சூளையில் அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. ஈரம் உலராத பாண்டத்தை வைத்து வெப்பத்தை விரைந்து ஏற்றினால் வெடித்துப்போகும். மெல்ல ஏற்ற வேண்டும். எரிந்து முடிந்தபின் மெல்ல ஆறவிட வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிகிரி வெப்பத்தில் மண்ணைக் கல்லாக்கும் வித்தை அந்தப் பொறுமையில் இருக்கிறது. எதிரே நிற்கும் மலையும் அதே அளவு வெப்பமுள்ள குழம்பு ஆறி ஆறி எழுந்ததுதான். அண்ணாமலையாரும் கிருத யுகத்தில் நெருப்பு மலையாயிருந்து கலியுகத்தில் கல்லாய்க் குளிர்ந்தார் என்பது புராணம். யுகங்கள் எடுத்து ஆறியவர், ஓர் அடியவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் கோபிப்பாரா?

ஊர் திரும்பிய அடுத்த பௌர்ணமிக்குப் பெரியவர் மனைவியாருடன் திருவண்ணாமலை சென்றார். முதல் நாள் மாலை இந்திர லிங்கத்தில் தொடங்கி, அக்னி, எம லிங்கங்களை வணங்கி, ஒவ்வோரிடத்திலும் அமர்ந்து அமர்ந்து, நிருதி லிங்கம் வரை நடந்தார்கள். ஆட்டோவில் தங்குமிடம் திரும்பினார்கள். மறுநாள் பௌர்ணமி. விட்ட இடத்துக்கே ஆட்டோவில் வந்து, வருண லிங்கம், வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் என்று மீதியை நடந்து முடித்தார்கள். வழியில் முந்திச் சென்றவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். பெரியவருக்கு அது உறைக்கவே இல்லை. ஏழு, எட்டானது.

இப்போது பத்து முடிந்திருக்கிறது; இரண்டு மீதி. பன்னிரண்டாவதற்குத் தானும் உடன் நடக்க வருவதாகப் பேரன் சொல்லியிருக்கிறான்.

சென்ற சங்கடஹர சதுர்த்தியன்று விருத்தாசலத்தில் ஆழத்துப் பிள்ளையார் சன்னிதியின் படிகளில், சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் பொறுமையாகக் காத்து நின்று, “இறங்கிவிடுவீர்களா, ஐயா?” என்று கேட்டார்.

“இறங்கிவிடுவேன், தம்பி. மெல்லத்தான்” என்றார் பெரியவர்.