பூட்டு இருக்கு, நோட்டு எங்கே?

பி.காம். படிக்கிற பயலுக்கு கிளவுட்ல என்ன வேலைன்னு கேப்பீங்க. எல்லாம் போன வருஷம் சூடு பட்டு வந்த ஞானம்தான்.

எங்க துறை விழாவுக்குப் பேர் பதிய ஒரு சின்ன தளம் செஞ்சோம். பதிஞ்சவங்களோட ஐடி கார்டு நகல் எல்லாம் ஒரு கிளவுட் பக்கெட்டில். வேலை சீக்கிரம் முடியட்டுமேன்னு, வெளியாள் பார்க்காம தடுக்கிற பூட்டை நாங்களே திறந்து வச்சோம். மூணு வாரம் கழிச்சு ஒரு ஜூனியர் வந்து, "அண்ணா, என் கார்டு லாகின் இல்லாமலே திறக்குது. யார் யார் பார்த்திருப்பாங்க?"ன்னு கேட்டா. பூட்டை உடனே போட்டுட்டோம். ஆனா அந்த மூணு வாரக் கணக்கை யாரும், எங்கேயும் எழுதி வைக்கலை. இனி எழுதவும் முடியாது.

அமேசான் எஸ்3-ஐ எடுத்துக்குங்க. எந்த ஐபி-யிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கோப்பைக் கேட்டாங்க, எத்தனை பைட் போச்சுன்னு வரிவரியா எழுதி வைக்கிற வசதி அதுல உண்டு. நாம சொன்னாத்தான் எழுதும். சொல்றதும் பெரிய கஷ்டம் இல்லை. பைத்தான்ல போட்டோ3-னு ஒரு லைப்ரரி (ஸ்டூடியோ போட்டோ இல்லீங்க). அதுல 'புட் பக்கெட் லாகிங்'னு ஒரே அழைப்பு. எந்தப் பக்கெட்டைக் கவனிக்கணும், பதிவை எந்தப் பக்கெட்டில் போடணும், பதிவுக் கோப்பின் பெயர் எப்படி ஆரம்பிக்கணும், அவ்வளவுதான். பதிவு போய் விழுற பக்கெட் அதே கணக்கில், அதே ரீஜனில் இருக்கணும். அதில் எழுத எஸ்3-இன் லாகிங் சேவைக்கு பாலிசியில் அனுமதி தரணும். ரெண்டும் ஒரே பக்கெட்டா வச்சுடாதீங்க, பதிவு எழுதினதுக்கே இன்னொரு பதிவுன்னு முடிவே இல்லாம போகும்!

"காசு யார் கட்டுறது? அதனாலதான் தானா ஆன் ஆகலை" என்கிறான் ரூம்மேட். இந்த வசதியை ஆன் பண்ணத் தனிக் கட்டணமே கிடையாது, பதிவுகள் அடைக்கிற இடத்துக்குத்தான் காசு. 90 நாள் ஆனதை அழிக்கச் சொல்லி ஒரு லைஃப்சைக்கிள் விதி போட்டா அதுவும் கட்டுக்குள்ள இருக்கும்.

2023 ஏப்ரலில் அமேசான், புதுப் பக்கெட்டுகளுக்குப் பூட்டைத் தானாகவே போட ஆரம்பிச்சது. நோட்டை மட்டும் நம்ம விருப்பத்துக்கு விட்டுடுச்சு. அதே 2023 ஏப்ரல் 1 முதல், மென்பொருளில் கணக்கு எழுதுற நம்ம நாட்டுக் கம்பெனிகளுக்கு ஒரு விதி: யார் எப்போ எதை மாத்தினாலும் தடம் வைக்கணும், அந்தத் தடத்தை அணைக்க முடியாத மென்பொருளா இருக்கணும். (ஆடிட்டிங் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணினது, இங்கே உதவுது.) பணத்துக்குக் கட்டாயம், அடுத்தவங்க ஐடி கார்டுக்கு இஷ்டப்பட்டா! இது என்ன நியாயம்?

ஒண்ணு ஒத்துக்கணும். இந்தப் பதிவு உடனே வராது, சில மணி நேரம் ஆகும். ஒரு வரி விடாம வரும்னு அமேசானே உத்தரவாதம் தரலை. வவுச்சர் மாதிரி நம்ப முடியாதுதான். ஆனா பாதி நோட்டு இருந்திருந்தாகூட அந்தப் பொண்ணுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இன்னும் பதில் சொல்லலை.

இந்த வருஷத் தளத்தில் முதல்ல எழுதினதே அந்த அழைப்புதான். பாலிசியில எங்கே சொதப்பினேன்னு அப்புறம் சொல்றேன், நாளைக்கு காஸ்டிங் இன்டர்னல் :-)