உண்டான ஒளி வெளியே வரட்டும்: ஓஎல்இடி ஆய்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

ஓஎல்இடி (கரிம ஒளி உமிழ் டையோடு) திரைகளுக்காக அரசு செலவிடும் ஆய்வு நிதியில், உள்ளே பிறக்கும் ஒளியை வெளியே கொண்டுவரும் பணிக்கு முதலிடம் தர வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் மக்களிடையே இயங்குகிறவர்கள் நாங்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. மின்சாரத்தின் விலையில் ஒரு பகுதியை எங்கள் ஆறும் கொடுத்துவருவதால், மின்சாரம் வீணாகும் இடமெல்லாம் எங்கள் அக்கறைக்குரியது.

1987இல் கோடக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் கரிமப் படலங்களாலான ஓஎல்இடியை வெளியிட்டனர். 1998இல் பாஸ்பரொளிர்வு மூலக்கூறுகளும், 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவின் மூலக்கூறுகளும் வந்தபின், செலுத்தும் மின்னூட்டத்தை ஏறக்குறைய முழுவதும் ஒளியாக்குவது ஆய்வகத்தில் கைகூடியது. ஆனால் சாதாரணத் தட்டை அமைப்பில் அந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்களவே வெளியே வருகிறது. கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.7, கண்ணாடிக்கு 1.5, காற்றுக்கு 1. கண்ணாடியின் மேற்பரப்பில் செங்குத்திலிருந்து 42 பாகைக்கு மேல் சாய்ந்து விழும் கதிர் முழு அக எதிரொளிப்பால் உள்ளேயே திரும்பிவிடும். ஒரு பகுதி கண்ணாடியிலும் ஒரு பகுதி படலங்களிலும் சிறைப்பட, இன்னொரு பகுதியை உலோக மின்முனை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. இறைத்த நீர் வாய்க்காலிலேயே வற்றும்போது கிணற்றை மேலும் ஆழப்படுத்திப் பயனில்லை.

சிறைப்பட்ட ஒளியை வெளியே எடுக்க நுண்வில்லைகளைப் பதித்தால் படம் மங்கும் என்பது ஒரு மறுப்பு. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டும் வில்லைகளுக்கு அது பொருந்தும். ஆனால் 2023இல் எல்ஜி டிஸ்ப்ளே, படப்புள்ளியைவிடச் சிறிய வில்லைகளைத் திரைக்குள்ளேயே அமைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறுகளைப் படலத்தில் கிடைமட்டமாகப் படுக்கவைப்பது இன்னொரு வழி. அதற்கு வில்லையே வேண்டாம். ஒரு கைபேசியில் மிச்சமாகும் மின்சாரம் அற்பம் என்பதும் உண்மை. இதனால் எந்த அனல்மின் நிலையமும் மூடப்படாது. ஆனால் ஒளி கூடுதலாக வெளிவந்தால் அதே வெளிச்சத்துக்குக் குறைந்த மின்னோட்டம் போதும். மின்னோட்டம் குறைந்தால், விரைவில் தேயும் நீல நிறப் படலம் நீடித்து உழைக்கும். திரையைக் குப்பையில் போடும் நாள் தள்ளிப்போகும்.

சென்னையிலேயே, ஐஐடி மெட்ராஸில் ஆமோலெட் (ஓஎல்இடி திரை வகை) ஆய்வு மையம் இருக்கிறது. பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு திட்டமும், உள்ளே உண்டான ஒளி எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று தனித்தனியே அளந்து வெளியிட வேண்டும். அந்த இடைவெளியைக் குறைக்கும் ஆய்வுக்கே முதலில் நிதி ஒதுக்க வேண்டும். ஆற்றில் சாம்பல் படியப் பெற்ற மின்சாரம் கண்ணாடிக்குள் வெப்பமாகி வீணாவதை இயற்கையின் விதி என்று விட்டுவிட முடியாது.