பி.காம்., இரண்டாம் ஆண்டு

பி.காம். படித்தவன் குடும்பத்தோடு வெளியூர் போவதும் பேலன்ஸ் ஷீட் போடுவதும் ஒன்றுதான். கடைசிவரை டேலி ஆகாது!

போன ஞாயிற்றுக்கிழமை அந்த விஷப்பரீட்சையில் இறங்கினேன். விடிகாலை திருச்சியில் கிளம்பி சித்தன்னவாசல், மதியம் புதுக்கோட்டையில் சாப்பாடு, சாயங்காலம் திருமயம் கோட்டை, ராத்திரிக்குள் வீடு. வாடகைக் கார். ரிடையர்டு தமிழ் வாத்தியாரான அப்பா, அம்மா, சகதர்மிணி, மூன்றாம் வகுப்பு படிக்கும் வாரிசு.

வாரிசைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எழுத்துக் கூட்டாமல் படிக்கக் கற்றுக்கொண்ட புதுசு. கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படிப்பாள். அர்த்தமும் கேட்பாள். "மூலம், பௌத்திரம்னா என்னப்பா?" என்று டிரைவரை வைத்துக்கொண்டு கேட்டது கீரனூர் தாண்டி.

சித்தன்னவாசலில் முதலில் ஏழடிப்பாட்டம். குன்றில் படியேறி, மறுபக்கம் கொஞ்சம் இறங்கினால் குகை. அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் தங்கிய இடம். பாறையில் வழவழவென்று 17 கல் படுக்கைகள். தலைமாட்டில் தலையணைகூட கல்லிலேயே!

"உங்கப்பாவுக்கு இலவம்பஞ்சு மெத்தையிலயே தூக்கம் வரலை" என்று அம்மா மூச்சு வாங்கியபடி சொன்னாள்.

வாரிசுக்கு ஒரே கோபம். படுக்கை ஓரத்தில் ஏதோ செதுக்கியிருக்கிறது, இவளால் படிக்க முடியவில்லை. "இங்கயும் யாரோ கிறுக்கி வச்சிட்டாங்களா தாத்தா?"

அப்பாவுக்குப் பழைய வகுப்பறை கிடைத்த சந்தோஷம். "இது கிறுக்கல் இல்லைடா கண்ணு. தமிழ்-பிராமி எழுத்து. சுமார் ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு. எருமைநாட்டுல குமுழூர்ங்கிற ஊர்ல பிறந்த ஒருத்தருக்கு, இளையர்ங்கிறவர் செஞ்சு கொடுத்த இருக்கைன்னு எழுதியிருக்கு."

"அப்ப கல்லுல பேர் எழுதலாமா?"

"அடுத்தவங்களுக்கு ஏதாவது செஞ்சிருந்தா எழுதிக்கலாம்."

எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இறங்கி வந்து அறிவர் கோயில். குடைவரைக் கோயில். 9-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் ஒரு தாமரைக் குளம்! மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிற மனிதர்கள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து, பார்க்கப் பாவமாக இருக்கிறது. இங்கேயும் கல்வெட்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தாராம்.

"பார்த்தியா? இவரும் மராமத்து பண்ணிட்டுத்தான் பேர் போட்டிருக்கார்" என்றார் அப்பா.

கருவறைக்குள் நின்று 'ம்ம்ம்' என்று அடிக்குரலில் முனகினால் அறையே அதிரும் என்றார்கள். நானும் மனைவியும் முயன்றோம். சுமார். நாற்பது வருஷமாக அம்மாவுக்கு 'ம்' மட்டுமே பதிலாகச் சொல்லிப் பழகிய அப்பா ஒரு 'ம்' போட்டார் பாருங்கள்... குகையே கிண்ணென்றது!

மதியம் புதுக்கோட்டை. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஊர். 1948-ல்தான் இந்தியாவோடு சேர்ந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர் நேராக வீதிகள். 'கீழ இரண்டாம் வீதி', 'தெற்கு நாலாம் வீதி' என்று பெயருக்குப் பதில் நம்பர். எல்லாமே ஒரே மாதிரி இருப்பதால் டிரைவர் ஒரே ஓட்டலை மூன்று தடவை சுற்றினார். நாலாவது சுற்றில் நாங்களே குதித்துவிட்டோம்.

புதுக்கோட்டைக்கு வந்துவிட்டு முட்டை மாஸ் சாப்பிடாமல் போகலாமா? அவித்த முட்டையைத் துண்டு போட்டு, வெங்காயம், தக்காளி, மசாலாவில் புரட்டி, பரோட்டா பக்கத்தில் வைக்கிறார்கள். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் இரண்டாவது பிளேட் சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா நேராகக் கல்லடிக்கே போய் மாஸ்டரிடம் பக்குவம் கேட்டாள்.

"வெங்காயம் வதங்கறப்ப அவசரப்படக் கூடாதும்மா. வேற ஒண்ணும் இல்லை."

வாரிசு சுவரெல்லாம் தேடிவிட்டு, "இதை முதல்ல செஞ்சவங்க பேர் எங்க அங்கிள் எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

மாஸ்டர் சிரித்தார். "ஊர் பேர் சொல்லித்தானே பாப்பா எல்லாரும் கேக்குறாங்க... அது போதாதா?"

இதற்குமேல் திருமயம் போவது ஆபத்து என்று என் உள்மனசு அலறியது. "திருக்கோகர்ணத்துல மியூசியம் இருக்கு. 1910-ல ஆரம்பிச்சது. அதைப் பார்த்துட்டு அப்படியே வீட்டுக்கு..." என்று இழுத்தேன்.

"லிஸ்ட் போட்டது நீங்கதானே? திருமயம்தான் கடைசி ஐட்டம்" என்றாள் மனைவி. ஆடிட் ஆட்சேபணை!

திருமயம் கோட்டை 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். உச்சியில் ஒரு பீரங்கி. அங்கே வீசுகிற காற்றுக்கு வரி போட்டால்கூடக் கட்டலாம். அப்பா மேலேயிருந்து ஊரைக் காட்டினார்.

"தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் இது. மெட்ராஸ் மேயரா இருந்தப்ப, ஜனங்களுக்குக் குடிதண்ணி வேணும்னு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-ல அடிக்கல் போட வச்சார். 1944-ல கட்டி முடிச்சப்ப மனுஷன் உயிரோட இல்லை. ஆனா அதுக்குப் பேரு சத்தியமூர்த்தி சாகர்."

இறங்கும்போது நான் வேண்டுமென்றே வாரிசை இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். வலப்பக்கப் பாறையில்தான்... கேட்டால்தானே? ஓடிப்போய் சத்தமாகப் படித்தாள். என் பெயர். இனிஷியலோடு. அதன் கீழே, 'பி.காம்., இரண்டாம் ஆண்டு, 2006'.

ஆமாம் சார். காலேஜ் நண்பர்களோடு வந்தபோது பைக் சாவியால் அரைமணி நேரம் உட்கார்ந்து கீறியது. ஏன் கீறினேன்? சத்தியமாகத் தெரியவில்லை. எல்லோரும் கீறினார்கள்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "ரெண்டு அரியர் இருந்துச்சே, அதைப் போடலையா?" என்றார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வாரிசு கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"இங்க நீங்க யாருக்கு என்னப்பா செஞ்சீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பின்னால் 'கர்ர்ர்' என்று சத்தம். நாலைந்து பையன்கள். ஒருவன் கையில் பைக் சாவி.

"தம்பி, வேண்டாம்ப்பா."

"நீங்க யாரு சார், வாட்ச்மேனா?"

பாறையைக் காட்டினேன். "இது நான்தான். அழிக்கவும் முடியலை. பொண்ணு கேக்கறா, பதிலும் இல்லை."

பையன் என்னைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், வாரிசைப் பார்த்தான். சாவி பாக்கெட்டுக்குள் போனது. "சாரி அங்கிள்" என்றான். 'சார்' போய் 'அங்கிள்' ஆனதுதான் கொஞ்சம் வலித்தது.

ராத்திரி வீட்டில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். கார் வாடகை, பரோட்டா, முட்டை மாஸ் (ஆறு பிளேட்!), இளநீர். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958 சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010-ல் திருத்தி இரண்டு வருஷம், ஒரு லட்சம் என்று ஏற்றிவிட்டார்கள். என்னுடையது 2006. பழைய ரேட்.

நோட்டில் கடைசி வரியாக எழுதினேன்: 'திருமயம், பழைய பாக்கி, ரூ. 5,000.'

இந்தத் தடவையும் டேலி ஆகவில்லை.